கட்டுவதற்கு முன் ஓட்டும் செலவைக் கேளுங்கள்: ஒரு பேரூராட்சியின் பத்தாண்டுத் திட்டம்

கேள்வி இது: சுமார் 20,000 பேர், 5,000 வீடுகள், 15 வார்டுகள் கொண்ட பேரூராட்சி. ஒரு ஏரி, வாரச்சந்தை, சில நூறு விசைத்தறிகள் இருக்கின்றன. புறவழிச்சாலை வரப்போகிறது. ஊர்நலச் சங்கமும் மன்ற உறுப்பினர்களும் சேர்ந்து பத்தாண்டு வளர்ச்சித் திட்டம் எழுத விரும்புகிறார்கள். எந்தக் கொள்கைகளை வைத்து எழுதுவது?

கொள்கைப் பட்டியல் எழுதுவது சுலபம். பசுமை, பங்கேற்பு, சமத்துவம் என்று பத்துத் தலைப்பு போட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், எதுவும் மாறவும் செய்யாது. எந்தத் திட்டத்தை ஏற்பது, எதை வேண்டாம் என்பது என்று முடிவெடுக்க உதவுவதுதான் உண்மையான கொள்கை. அப்படிப் பார்த்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று உண்டு. கட்டப்போகும் எதற்கும் ஐந்தாம் ஆண்டில் மின்கட்டணம், சம்பளம், பழுதுபார்ப்பு சேர்த்து எவ்வளவு ஆகும், அதை எந்த வரவிலிருந்து கொடுப்போம்? இதற்கு எண்ணில் பதில் இல்லாத திட்டத்தைத் தள்ளிவையுங்கள். கட்டுவதற்கு மானியம் வரும். ஓட்டுவதற்கு வருவது அரிது. பூட்டிக்கிடக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் கதவு கழன்ற நவீனக் கழிப்பறையும் பெரும்பாலும் கட்டுமானக் குறையால் அந்தக் கதிக்கு வரவில்லை. மாதாமாதம் செலவழிக்க ஆளும் பணமும் ஒதுக்காததால் வந்தவை.

எனவே முதல் வேலை வரவைச் சரிபார்ப்பது. பேரூராட்சியில் வரிக்கு ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்றொரு பதிவேடு உண்டு. அதில் நிலுவையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். பெரிய ஓட்டை கேட்பில்தான் இருக்கும்: கேட்கவே படாத வரி. தரைத்தளத்துக்கு வரி போட்ட வீட்டில் பிறகு மாடி எழும்பியிருக்கும். குடியிருப்பு என்று பதிவான கட்டடத்தில் கடை நடக்கும். இதைக் கண்டுபிடிக்க வீடு வீடாக டேப் பிடிக்கத் தேவையில்லை. ஊர் எல்லைக்குள் எத்தனை வணிக மின் இணைப்பு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, வணிகக் கட்டட வரிவிதிப்பு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 600 இணைப்புக்கு 350 வரிவிதிப்புதான் என்றால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். 2022-ல் சொத்துவரி உயர்ந்தபோது 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடு என்று படிநிலை வைத்தார்கள். அளவு தவறாகப் பதிவாகியிருந்தால் அந்தப் படிநிலையின் நியாயமே போய்விடும். சிறு வீட்டுக்காரர் முழுதாகக் கட்டுவார், பெரிய வீட்டுக்காரர் சிறு வீட்டின் வரியைக் கட்டுவார்.

சேமிப்பு முதலில், முதலீடு பிறகு என்ற வரிசைக்கு நல்ல சான்று கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை. அது கிராம ஊராட்சிதான், ஆனால் பாடம் பேரூராட்சிக்கும் பொருந்தும். குடிநீர் ஏற்றும் மின்செலவைக் குறைக்க 2003 வாக்கில் 9 கிலோவாட் திறனில் மரக்கழிவு எரிவாயுக் கலன் வைத்தார்கள். பிறகு 2006-ல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். அதில் சுமார் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஊர்த் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை விற்ற வரவில் கடன் அடைந்தது. இன்று அதே கணக்கை அப்படியே பெயர்த்து எழுத முடியாது. மின் கொள்முதல் விதிகளும் விலைகளும் மாறிவிட்டன. காற்றாலையைப் பார்த்து வியந்துவிட்டு அந்த 40 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

தண்ணீர்

உங்கள் ஊரில் அதிக மின்சாரம் தின்பது அநேகமாகக் குடிநீர் மோட்டார்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் (பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு சொன்ன அளவு) என்றால் 20,000 பேருக்கு 14 லட்சம் லிட்டர். இதை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், இழப்பே இல்லாவிட்டால் நாளுக்கு 229 யூனிட் போதும். மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 45 விழுக்காடாக இருந்தால் 509 யூனிட் ஆகும்; 60 விழுக்காடு என்றால் 382. வித்தியாசம் ஆண்டுக்கு 46,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 3.7 லட்சம் ரூபாய். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார், தேவையைவிடப் பெரிய பம்பு, பாதி மூடிய வால்வு இவற்றால்தான் திறன் விழுகிறது. சூரியத் தகடு வைக்கும் பேச்சை இதற்குப் பிறகு எடுங்கள். திறன் கெட்ட பம்புக்குத் தகடு வைத்தால் தகடும் தேவைக்கு மேல் வாங்க வேண்டிவரும்.

அடுத்தது கசிவு. மேல்நிலைத் தொட்டி 8 மீட்டர் விட்டம் என்றால் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 500 லிட்டர் போயிற்று என்று கணக்கு. இரவு 1 மணிக்கு ஒரு பகுதியின் வால்வை மட்டும் திறந்து ஒரு மணி நேரம் மட்டத்தைக் குறியுங்கள். 4 சென்டிமீட்டர் இறங்கினால் அந்தப் பகுதியில் மணிக்கு 2,000 லிட்டர் கசிகிறது. ஒரு சிக்கல் உண்டு: நம் வீடுகளில் தரைத்தொட்டிக் குழாய் எப்போதும் திறந்தே கிடக்கும், மிதவை வால்வு இருக்காது. முன்னறிவிப்புக் கொடுத்து அன்றிரவு அடைக்கச் சொல்லாவிட்டால், தொட்டி நிரம்புவதைக் கசிவு என்று எழுதிவிடுவீர்கள். குழாய்க் கோடியிலுள்ள வீட்டில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடலாம்.

ஏரியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் கருத்து இருக்கும். பெரும்பாலான கருத்து ‘தூர்வார வேண்டும்’ என்பதுதான். 50 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 20 ஹெக்டேர் ஏரியில் ஒரு மீட்டர் நீர் என்பது 20 கோடி லிட்டர். உங்கள் ஊரின் ஆண்டுத் தேவை சுமார் 51 கோடி. ஆக ஏரி ஒன்றும் சிறிய பொருளல்ல. ஆனால் தூர்வாருவது மூன்றாவது வேலை. முதல் வேலை வரத்துக்கால்வாய். அது அடைபட்டிருக்கும்போது ஆழப்படுத்தினால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். இரண்டாவது, ஏரியில் வந்து விழும் சாக்கடையைத் திருப்புவது. அதன்பிறகுதான் மண் எடுப்பது, அதுவும் கரையடியை விட்டுத் தள்ளி. கரையை ஒட்டித் தோண்டினால் முதல் பெருமழையில் கரை சரியும். ஏரி நிரம்பினால் மிகுநீர் வழியும் கலங்கலின் உயரத்தைத் தன்னிச்சையாகக் கூட்டுவதும் கூடாது. மேல்பக்கத்து வயலும் வீடும் மூழ்கும். நடைபாதைக்காக ஏரியைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. நீர் உள்ளே வரும் வழியை அந்தச் சுவர்தான் அடைக்கிறது.

கூரைமழை பற்றி ஒரே ஒரு கணக்கு: 1,000 சதுர அடிக் கூரை, ஆண்டு மழை 900 மில்லிமீட்டர், 80 விழுக்காடு பிடிபட்டால் 67,000 லிட்டர். நால்வர் குடும்பத்தின் ஆண்டுத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு. 2003 முதல் கட்டாயம்தான். குழாயும் இருக்கும், அது இறங்கும் குழி மண்ணடைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் வடிகட்டி மணலைக் கழுவிப் போடும் வேலையை ஒரு தெருவுக்கு ஒருநாள் என்று வையுங்கள்.

கழிவு

14 லட்சம் லிட்டர் உள்ளே வந்தால் ஏறத்தாழ 11 லட்சம் லிட்டர் வெளியே போகும். பாதாளச் சாக்கடை இந்த அளவு ஊருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. குழாய் பதிப்பதற்கு மானியம் கிடைத்தாலும் நீரேற்று நிலையமும் சுத்திகரிப்பு நிலையமும் ஓடும் செலவு மேலே சொன்ன சோதனையில் தோற்கும். கசடு மேலாண்மை, அதாவது வீட்டுத் தொட்டிக் கசடை லாரியில் எடுத்துப்போய்ச் சுத்திகரிப்பது போதும், ஒழுங்காகச் செய்தால். 4,000 வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுப்பதென்றால், வேலைநாள் 300 எனக் கொண்டு, தினம் நாலைந்து லாரி, சுமார் 20,000 லிட்டர். மதுராந்தகம் அருகே கருங்குழிப் பேரூராட்சியில் அமைந்த கசடு சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவும் நாளுக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர்தான். உங்கள் ஊரும் பக்கத்துப் பேரூராட்சியும் சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால் ஆள்செலவு பாதியாகும்.

இதில் கெட்டுப்போவது நிலையமல்ல, வீட்டுத் தொட்டி. விதிப்படி இரண்டு அறை, அதன் வெளிநீருக்கு உறிஞ்சுகுழி. நடைமுறையில் அடிப்பூச்சு இல்லாத ஒற்றைக் குழி அல்லது தெரு வடிகாலில் நேராகத் திறக்கும் குழாய். பத்தாண்டு எடுக்காத தொட்டியில் கசடு கெட்டித்துப்போய் உறிஞ்சு லாரியால் இழுக்க முடியாது. அப்போதுதான் ஆளை இறக்கும் குற்றம் நடக்கிறது. 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது, தண்டனையும் உண்டு. கூப்பிட்டால் வரும் லாரி என்ற முறையை விட்டு, வார்டுவாரியாகத் தேதி குறித்து எடுக்கும் முறைக்கு மாறுங்கள். கட்டணத்தைச் சொத்துவரியோடு சிறு தொகையாகச் சேர்த்தால் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

குப்பை தலைக்கு 250 முதல் 300 கிராம், மொத்தம் 5 முதல் 6 டன். அதில் பாதிக்குச் சற்று மேல் மக்கும் குப்பை. ஒரு மின்கல வண்டி ஒரு காலையில் 350 வீடு பார்க்கும் என்றால் 15 வண்டி வேண்டும். வீட்டில் பிரித்துக் கொடுப்பதை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. மக்கள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் மறுநாள் முதல் பிரிக்கமாட்டார்கள். வண்டியில் தனி அறையோ தனி வாளியோ இல்லாமல் விழிப்புணர்வுப் பேரணி நடத்தாதீர்கள்.

உரக்குவியல் 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம், வாரம் ஒருமுறை புரட்டல், 45 நாள். கைப்பிடியில் அழுத்தினால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் காற்றோட்டம் நின்று நாற்றமெடுக்கும். காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ கலக்க வேண்டும். 3 டன்னுக்கு 500 கிலோ உரம் வரும். அதைக் கிலோ 3 ரூபாய்க்கு விற்றால் மாதம் 45,000. வண்டிக்கும், குப்பையைத் தரம்பிரித்து உரமாக்கும் வளம் மீட்புப் பூங்காவுக்கும் 23 பணியாளர், ஆளுக்கு 15,000 என்று வைத்தாலே மாதம் 3.45 லட்சம். ‘குப்பையிலிருந்து லாபம்’ என்று சொல்லித் திட்டம் விற்க வருபவரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள். குப்பை அகற்றுவது சேவை. வீட்டுக்கு மாதம் 70 ரூபாய்போல் அடக்கம் ஆகும், அதை வரியிலோ கட்டணத்திலோ வெளிப்படையாக வாங்க வேண்டும். லாபக் கணக்கை நம்பி ஒப்பந்தம் விட்டால் முதலில் வெட்டப்படுவது தூய்மைப் பணியாளரின் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும்தான்.

ஊருக்குள் வரும் பணம்

ஒரு ஊரின் பொருளாதாரத்தை இரண்டு கேள்வியில் பிடித்துவிடலாம். வெளியூர்ப் பணம் எதனால் வருகிறது? வந்தது எத்தனை கை மாறிய பிறகு வெளியேறுகிறது? இதற்கு 50-க்கு ஒரு வீடு வீதம் 100 வீட்டில் ஒரு மாதச் செலவைக் கேட்டு எழுதுங்கள். ஒரு கல்லூரி மாணவர் குழு இரண்டு வார இறுதியில் முடித்துவிடும்.

பட்டியலில் எண்ணெய், காய்கறி, மாட்டுத்தீவனம் என்று ஊரிலேயே செய்யக்கூடியவை கண்ணில்படும். ஆனால் அதிகம் கசிவது அநேகமாக வட்டியாக இருக்கும். 2,000 குடும்பத்துக்குச் சராசரி 50,000 ரூபாய் நுண்கடன், 24 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம்: ஆண்டுக்கு 2.4 கோடி ஊரைவிட்டுப் போகிறது. அதே கடன் மகளிர் குழு வழியாக வங்கியில் 12 விழுக்காட்டில் கிடைத்தால் 1.2 கோடி இங்கேயே நிற்கும். இவ்வளவு தொகையைப் புதிதாக ஊருக்குள் கொண்டுவரும் தொழிலைத் தேடி அலைவதைவிட, செயலிழந்த குழுக்களின் வரவுசெலவுப் புத்தகத்தைச் சரிசெய்து வங்கித் தரமதிப்பீட்டுக்குக் கொண்டுபோவது சுலபம். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழு அமைப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. கெடுவது கணக்கெழுதும் ஆள் இல்லாததால்தான்.

விசைத்தறி பற்றி. கூலிக்கு நெய்யும் தறிக்காரருக்கு நூலும் வெளியூர், துணியும் வெளியூர். கூலி மட்டும் உள்ளூர். இதை ஒரு படி ஏற்றுங்கள், பத்துப் படி வேண்டாம். துண்டு, போர்வைக்கு ஓரம் தைத்தல், மடித்தல், சிப்பமிடல் ஆகியவற்றுக்கு ஒரு பொதுக்கூடம் போதும். தண்ணீர் தேவையில்லை, பெண்களுக்கு ஊரிலேயே வேலை. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை, கைத்தறிப் போர்வைக்குத் தன் பெயரையே சந்தையில் நிறுத்தியது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவோடு விற்பனையையும் கையில் வைத்ததால்.

சாயப்பட்டறை அழைத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே வட்டாரத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்குக் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் பல ஊர்க் கிணறுகள் உப்பேறின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கையும் மாசுபடுத்தியவரே ஈடுகட்டுவதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. உங்கள் மன்றத் தீர்மானத்தில் அந்த இரண்டையும் எழுதிவையுங்கள். எந்தத் தொழில் வந்தாலும் ‘கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழும்?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

வாரச்சந்தைக்கு அதிக ஏலத்தொகை வந்தால் மன்றம் மகிழ்கிறது. ஏலம் எடுத்தவர் அதைக் கூடைக்காரியிடம்தான் திரும்ப எடுப்பார். சுங்க விகிதத்தைப் பெரிய பலகையில் எழுதி, ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே சேர்த்து, ஏலத்தொகையில் ஒரு பங்கைச் சந்தையின் நிழல், கழிப்பறை, விளக்குக்கு ஒதுக்குங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப்படி விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகள். அவர்களை அப்புறப்படுத்தி ‘அழகுபடுத்தும்’ திட்டம் ஊர்ப்பணத்தின் சுழற்சியைத்தான் முதலில் குறைக்கும்.

புறவழிச்சாலையும் நிலமும்

சாலை வந்ததும் அதன் இருபுறமும் மனைக்கல் நடுவார்கள். 100 மீட்டர் தெருவில் இருபுறமும் 16 வீடு இருந்தாலும் 3 வீடு இருந்தாலும் குழாய், வடிகால், விளக்குக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். வரி தருவது மட்டும் 3 வீடு. எனவே ஊருக்குள் காலியாகக் கிடக்கும் மனைகள் நிரம்பும்வரை புதிய பிரிவுக்குக் குழாய் நீட்டுவதில்லை என்பது நல்ல விதி. காலிமனை வரியைக் கட்டட அனுமதி கேட்கும்போது மட்டும் வசூலிக்காமல் அரையாண்டுதோறும் கேட்டால் மனைகள் தானே விற்பனைக்கு வரும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு திறந்தவெளி தர வேண்டும். அதைப் பேரூராட்சிக்குக் கொடுக்கும் தானப்பத்திரம் பதிவானதா, அந்த இடம் பள்ளமா, நடுவில் யாராவது வேலி போட்டாரா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

பேருந்து நிலையத்தையும் சந்தையையும் புறவழிச்சாலைக்கு மாற்றும் யோசனை கட்டாயம் வரும். அங்கே நிலம் வைத்திருப்பவர்களே அதிகம் ஆதரிப்பார்கள். நடந்து வந்து வாங்கும் கூட்டத்தை நம்பிய 200 கடை ஊருக்குள் இருக்கிறது; இடமாற்றினால் அவை போகும், நடுவூரின் வரிமதிப்பும் போகும்.

உள்தெருவுக்கு ஒரு சொல். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலே புதிய தளம் போடுவதால்தான் வீடுகள் பள்ளத்தில் இறங்குகின்றன, வடிகால் வாய் உயரத்துக்குப் போகிறது. ஒப்பந்தத்தில் முடிவுற்ற தள மட்டத்தை ஒரு நிலையான கல்லிலிருந்து அளந்து எழுதச் சொல்லுங்கள். மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் தளம் போடாமல் மண்ணாகவே விடவும்.

யார் கேட்பது

வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் காலை 11 மணிக்கு என்றால் தறிக்காரரும் கூலிப்பெண்களும் வரமாட்டார்கள். மாலை 7 மணிக்கு வையுங்கள். கூட்டத்தில் திட்டத்தை அல்ல, சென்ற காலாண்டின் வரவுசெலவைப் படியுங்கள். சமத்துவத்தை அளக்க ஒரே இடம் போதும்: குழாயின் கடைசி வீடு. அது பல ஊரில் பட்டியல் சாதிக் குடியிருப்பாகவே இருக்கும். அங்கே வாளி நிரம்ப எத்தனை நிமிடம், வடிகால் எப்போது தூர்வாரப்பட்டது என்று மாதம் ஒருமுறை எழுதுங்கள். மேல்தெருவில் தண்ணீர் நேரத்தைக் கூட்டும் எந்தத் தீர்மானமும் அந்தக் குறிப்பைப் படித்த பிறகே வரட்டும்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது? செயல் அலுவலரிடம் ஐந்து கோப்பைக் கேளுங்கள்: மூன்றாண்டுக் ‘கேட்பு, வசூல், நிலுவை’ பதிவேடு; இணைப்பு வாரியாகக் கடந்த 12 மாத மின்கட்டணம்; குடிநீர் வினியோகப் பதிவேடு; குப்பை வண்டி ஓட்டப் பதிவேடு; சந்தை ஏலக் கோப்பு. தயங்கினால் தகவல் உரிமை மனு போடலாம், ஆனால் மன்ற உறுப்பினர் ஒருவர் நேரில் கேட்டால் பெரும்பாலும் அது தேவைப்படாது. இவற்றைப் படித்து, இரவுக் கசிவுச் சோதனையும் 100 வீட்டுக் கணக்கும் முடிய நான்கு மாதம் பிடிக்கும். அதுவரை வரவேற்பு வளைவு, மணிக்கூண்டு, நீரூற்று எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம்.